இசைந்து பிரிதல்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் வீடு தேடி வந்தார். நலம் விசாரித்து, காப்பி குடித்து, பழைய வகுப்புத் தோழிகளைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகே கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காக வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்த கூட்டு மனுவின் வரைவு அது. கணவனும் மனைவியும் சேர்ந்து, இருவருக்கும் சம்மதம் என்று சொல்லி, தங்கள் திருமணத்தைக் கலைத்துத் தருமாறு கேட்கும் மனு.

அவருடைய கலக்கம் பிரிவைப் பற்றியதன்று. அதை அழுது தீர்த்து நாளாகிவிட்டது என்பது பேச்சிலேயே தெரிந்தது. மனுவின் நான்காம் பத்தியில் ஒரு வரி இருந்தது. மனுதாரர்கள் இருவரும் ஓராண்டுக்கும் மேலாகத் தனித்தனியே, வெவ்வேறு முகவரிகளில் வாழ்ந்து வருகின்றனர் என்பது அந்த வரி.

"நாங்க ஒரே வீட்டுலதாம்மா இருக்கோம். பாப்பா ஆறாவது படிக்கிறா. ரெண்டு வாடகை குடுக்க முடியாது. அவர் முன்னறையில, நானும் பாப்பாவும் உள்ளறையில. உலை ரெண்டாகி ஒன்றரை வருஷம் ஆச்சு. வக்கீல் குமாஸ்தா, எல்லா மனுவுலயும் இப்படித்தான் போடுறது, கையெழுத்துப் போடுங்கன்னு சொல்றார். பொய்ச் சத்தியம் பண்ணித்தான் இதை முடிக்கணுமாம்மா?"

நாம் சட்டம் பயின்றவரல்லர். ஆயினும் 'தனித்தனியே வாழ்தல்' என்றால் என்ன என்பது அடிப்படையில் சொற்பொருள் பற்றிய கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. அன்று மாலை தொடங்கிய வாசிப்பு, எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் இழுத்துச் சென்றது. அதன் பயனே இக்கட்டுரை.

தமிழில் 'பிரிவு' என்னும் சொல் சட்டத்தின் கூறையும் குறிக்கிறது, காதலர் அகல்வதையும் குறிக்கிறது. அகப்பொருள் இலக்கணம் ஓதற்பிரிவு, தூதிற்பிரிவு, பொருள்வயிற்பிரிவு, பரத்தையிற்பிரிவு என்று பிரிவுகளை வகைப்படுத்திய நுட்பம் வியப்புக்குரியது. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் மீளாப் பிரிவு அன்று. போனவன் வருவான் என்னும் நம்பிக்கையின்மேல்தான் பாலைத்திணை முழுவதும் நிற்கிறது. இருவரும் அமர்ந்து பேசி, இனி வேண்டாம் என்று இசைந்து பிரிவதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அதற்கென அமைந்த பிரிவு, இந்து திருமணச் சட்டத்தின் 13-பி.

அந்தப் பிரிவு கேட்பவை எண்ணிக்கையில் குறைவு. கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே மனுச் செய்ய வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ இயலவில்லை என்பதையும், திருமணத்தைக் கலைத்துக்கொள்ள இருவரும் உடன்பட்டுள்ளனர் என்பதையும் மனுவில் சொல்ல வேண்டும். யார்மீது பிழை என்று சொல்லத் தேவையில்லை. ஏன் இயலவில்லை என்றுகூட விளக்கத் தேவையில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் கொடுமை, கைவிடல், பிறன்மனை நாடல் என்று குற்றப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 13-பி அந்தப் பட்டியலின் பக்கமே போகவில்லை. திருமணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவி இப்போது வாழும் இடம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தை அணுகலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்ன வசதி பெண்களுக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது. திருமணத்துக்குச் சான்றாகப் பதிவுச் சான்றிதழோ, அழைப்பிதழும் புகைப்படமுமோ இணைப்பார்கள். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம், நகையும் சீர்வரிசையும் யாருக்கு என்பனவற்றைப் பேசி எழுதிக்கொள்வதும் நடைமுறை.

இதோடு முடிந்தால் எளிது. முடிவதில்லை. மனுவைக் கொடுத்து ஆறு மாதம் கழிந்த பின், பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றம் வந்து, இப்போதும் எங்களுக்குச் சம்மதமே என்று சொல்ல வேண்டும். நீதிபதி விசாரித்து, அந்தச் சம்மதம் வலுக்கட்டாயத்தாலோ வஞ்சனையாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதன்று என்று நிறைவடைந்தால் மட்டுமே தீர்ப்பாணை வரும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எதிர்ப்பில்லாத விவாகரத்து என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒருவர் குற்றம் சாட்டி வழக்குத் தொடர, மற்றவர் அழைப்பாணை பெற்றும் வராமல் இருந்துவிட, ஒருதலையாகத் தீர்ப்பாவது ஒன்று. அதைப் பின்னாளில் தக்க காரணம் காட்டி நீக்கம் செய்யக் கேட்கலாம். இருவரும் சேர்ந்து கேட்பது மற்றொன்று. குடும்ப நீதிமன்றம் இருவர் இசைவின்பேரில் அளித்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்று 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் சொல்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டிலும் சண்டை இல்லை. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு.

நம்மை நிறுத்தியது அந்த ஆறு மாதம். இருவரும் முதிர்ந்தவர்கள், இருவரும் வேண்டாம் என்கிறார்கள். பிறகு எதற்குக் காத்திருப்பு? திருமணத்தின்போது, ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி சம்மதம் சொல்லுங்கள் என்று யாரும் கேட்பதில்லையே! இந்த ஐயத்தின் வேரைத் தேடிப் போனால், ஒரு காலத்தில் இருவரின் இசைவு என்பதே குற்றமாக இருந்தது என்னும் செய்தி எதிர்ப்படுகிறது.

நம் சட்டங்களின் வார்ப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது ஆதலால் அங்கிருந்து தொடங்குவோம். 1857க்கு முன் இங்கிலாந்தில் மறுமணத்துக்கு வழிவிடும் முழுமையான விவாகரத்து வேண்டுமெனில் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றியாக வேண்டும். ஒரு தம்பதிக்கு ஒரு சட்டம்! ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் அவ்வாறு விடுதலை பெற்றவை முந்நூற்றுச் சொச்சம் திருமணங்களே. அவற்றுள் பெண்கள் கேட்டுப் பெற்றவை நான்கே நான்கு. 1845இல் வாரிக் நகரில், மனைவி ஓடிப்போனபின் வேறொருத்தியை மணந்த ஏழைத் தொழிலாளி ஒருவன் இருதார மணக் குற்றத்துக்காக நீதிபதி மௌல் முன் நின்றான். மூன்று வெவ்வேறு மன்றங்களில் ஏறி இறங்கிப் பல நூறு பவுண்டு செலவழித்து நீ முறைப்படி விடுதலை பெற்றிருக்கலாமே என்று நீதிபதி அவனுக்கு எடுத்துரைத்தார். அத்தனையும் நையாண்டி. அன்றைய சட்டத்தை அவ்வளவு கூர்மையாகக் குத்தியவர் அந்த இருக்கையிலேயே அமர்ந்திருந்தவர் என்பதுதான் அதன் சுவை.

1857ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்தைப் பாராளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. கணவன், மனைவியின் ஒழுக்கக்கேட்டைக் காட்டினால் போதும். மனைவியோ கணவனின் ஒழுக்கக்கேட்டோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த ஓரவஞ்சனை 1923 வரை நீடித்தது. நம் பொருளுக்கு முக்கியமானது வேறொன்று. இருவரும் கலந்து பேசி வழக்குத் தொடுத்தார்கள் என்று தெரிந்தால் அது கூட்டுச்சதி, விவாகரத்து மறுக்கப்படும். இதைக் கண்டுபிடிப்பதற்காக 1860இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தீர்ப்பு முதலில் இடைக்காலத் தீர்ப்பாகவே தரப்படும். அது நிலைபெறுமுன் குவீன்ஸ் பிராக்டர் என்னும் அரசு அதிகாரி துருவி ஆராயலாம். பொதுமக்களில் யாரும் வந்து, இவர்கள் பேசி வைத்துக்கொண்டவர்கள் என்று காட்டிக்கொடுக்கலாம். முதலில் மூன்று மாதமாக இருந்த இந்த இடைவெளி 1866இல் ஆறு மாதமாக நீட்டப்பட்டது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் பிரிய விரும்பி மற்றவர் மறுத்தால், சான்று இருப்பின், விடுதலை கிடைக்கும். இருவருமே விரும்பினால் கிடைக்காது! ஒருவரை ஒருவர் வெறுப்பது போலாவது நடிக்க வேண்டும். அதிலும் யாரேனும் ஒருவர் ஒழுக்கம் தவறியிருக்க வேண்டும், அல்லது தவறியதாகத் தோன்ற வேண்டும். ஆகவே ஒரு நாடகம் பிறந்தது. கனவான் ஒருவர் பிரைட்டன் போன்ற கடற்கரை நகரத்து விடுதிக்குக் கூலிக்கு அமர்த்திய பெண்ணோடு போவார். இரவெல்லாம் சீட்டாடிக்கொண்டிருந்தாலும் குற்றமில்லை. காலையில் பணிப்பெண் தேநீர்த் தட்டோடு நுழையும்போது இருவரும் ஒரு கட்டிலில் காணப்பட்டால் போதும். அந்தப் பணிப்பெண்ணின் சாட்சியம் திருமணத்தை முடித்துவைக்கும். நண்பர்களில் பலர் ஈவ்லின் வாவின் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்' நாவலைப் படித்திருக்கக்கூடும். அதில் டோனி லாஸ்ட் இப்படித்தான் பிரைட்டன் போகிறான். அமர்த்திய பெண் தன் சிறு மகளையும் கூடவே அழைத்து வந்துவிடுகிறாள். நாவல் வெளியான 1934இலேயே ஏ. பி. ஹெர்பர்ட்டின் 'ஹோலி டெட்லாக்' நாவலும் வந்தது. இந்த நாடகமே அதன் கதைப்பொருள். ஹெர்பர்ட் எழுதியதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்து, 1937இல் விவாகரத்துச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவை நிறைவேற்றிக் காட்டினார். நாவலாசிரியன் ஒருவன் தன் நாவலின் அடுத்த அத்தியாயத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதிய நிகழ்ச்சி இலக்கிய வரலாற்றில் அரிது. அப்போதும் கூட்டுச்சதி என்னும் தடை போகவில்லை. இரண்டாண்டு பிரிந்திருந்து இருவரும் இசைந்தால் போதும் என்னும் நிலை அங்கே 1971இல்தான் வந்தது. குற்றச்சாட்டே வேண்டாம், இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம் என்பது 2022 ஏப்ரலில் வந்தது.

இந்த 1857ஆம் ஆண்டுச் சரக்கு 1869இல் நம் நாட்டில் இறங்கியது. இந்திய விவாகரத்துச் சட்டம் என்று பெயரிருந்தாலும் அது கிறித்தவர்களுக்கானது. கூட்டுச்சதித் தடை, இடைக்காலத் தீர்ப்பு, ஆறு மாத இடைவெளி எல்லாம் அதில் அப்படியே இருந்தன. மாவட்ட நீதிபதி வழங்கிய தீர்ப்பை உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவர் உறுதிசெய்ய வேண்டும் என்பது கூடுதல் பளு. இங்கிலாந்து உதறிப்போட்ட பின்னும் இந்தியக் கிறித்தவர்கள் 2001 வரை இந்தச் சுமையைச் சுமந்தார்கள். அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் இருவர் இசைவுக்கு வழி பிறந்தது. அதிலும் தனித்து வாழ்ந்த காலம் இரண்டாண்டு என்று வைத்தார்கள். மற்றவர்க்கு ஓராண்டு, இவர்களுக்கு இரண்டாண்டு ஏன் என்ற கேள்விக்குச் சரியான விடை இல்லாததால், 2010இல் கேரள உயர்நீதிமன்றம் அதை ஓராண்டு என்றே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இங்கே புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறு விலகல். பிரெஞ்சுப் புரட்சி 1792இலேயே இருவர் இசைவில் விவாகரத்தை அனுமதித்தது. நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அதை வைத்துக்கொண்டது; வைத்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. கணவனுக்கு இருபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். மனைவிக்கு இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும், நாற்பத்தைந்து ஆகியிருக்கக் கூடாது. மணமாகி இரண்டாண்டு கடந்திருக்க வேண்டும், இருபதாண்டு கடந்திருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். ஓராண்டுக் காலத்தில் மும்மாதத்துக்கு ஒருமுறை வந்து, சம்மதம் சம்மதம் என்று திரும்பச் சொல்ல வேண்டும். சொத்தில் பாதி பிள்ளைகளுக்குப் போய்விடும். மூன்றாண்டு மறுமணம் இல்லை. இசைவை ஏற்றுக்கொண்டு அதன்மேல் இத்தனை ஐயம்! முடியாட்சி திரும்பியதும் 1816இல் விவாகரத்தையே ஒழித்தார்கள். 1819இல் அந்தச் சட்டத்தொகுப்பு புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தபோது விவாகரத்து இல்லாத தொகுப்பாகவே வந்து சேர்ந்தது. 1884இல் பிரான்சில் குற்றத்தின் அடிப்படையில் விவாகரத்து மீண்டது. இசைவின் அடிப்படையில் மீள 1975 ஆயிற்று. இந்தியாவில் 13-பி பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

இவ்வளவும் படித்தபின் ஒரு கேள்வி எழாமல் போகாது. ஐரோப்பா இசைவைக் கண்டு இத்தனை அஞ்சிய காலத்தில் நம் ஊர்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? இந்துக்களிடையே விவாகரத்து என்பதே இல்லை, அது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லக் கேட்டிருப்போம். சாத்திர நூல்களை மட்டும் படித்தவர்கள் அப்படிச் சொல்லலாம். தெற்கத்தி ஊர்களில் காது கொடுத்துக் கேட்டவர்கள் சொல்ல முடியாது. 'அத்துவிட்டாச்சு', 'தீர்த்துவிட்டாங்க', 'அறுத்துக் கட்டுற வழக்கம்' என்னும் தொடர்கள் எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே புழங்கியவை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் துரும்பு கிள்ளிப்போட்டு உறவை முறிப்பது சில சமூகங்களின் வழக்கம். தாலியைத் திருப்பிக் கொடுத்து, பரிசப் பணத்தைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது இன்னும் சில சமூகங்களின் வழக்கம். 'தீர்த்துவிடுதல்' என்னும் சொல்லையே பாருங்கள். மணமுறிவு என்பதில் ஏதோ ஒன்று உடைகிறது. விவாகரத்து என்பதிலோ, அரபியிலிருந்து உருது வழியாக வந்த 'ரத்து', நடந்ததையே இல்லையென்று அடிக்கிறது. 'தீர்த்தல்' கணக்கை முடிக்கிறது. இருந்ததை மறுக்காமல், இனி பாக்கி இல்லை என்கிறது. இசுலாமியச் சட்டத்திலும் இருவர் இசைவில் பிரியும் 'முபாரத்' தொன்றுதொட்டு உண்டு. பாக்கியிலிருந்து ஒருவரை ஒருவர் விடுவித்தல் என்பதே அச்சொல்லின் கருத்து.

இதைச் சொல்வதால் ஊர்ப் பஞ்சாயத்தைப் பொற்காலமாகக் காட்டுவதாகக் கொள்ள வேண்டாம். அங்கே பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்ணின் சம்மதத்தை அவள் தகப்பனோ தமையனோதான் சொன்னான். அபராதம் பெரும்பாலும் பெண்வீட்டார் தலையில் விழுந்தது. ஆயினும், இருவரும் வேண்டாம் என்றால் கட்டிவைத்து என்ன பயன் என்னும் எளிய அறிவு அங்கே இருந்தது. யாரையும் ஒழுக்கங்கெட்டவராக நடிக்கச் சொல்லி ஊர் கேட்கவில்லை.

இந்த அறிவு எழுத்துச் சட்டமாகவும் ஒருமுறை உருவெடுத்தது. அதுவும் நம் மதராஸ் மாகாணத்தில். மலபார் நாயர்கள் முதலிய தாய்வழிச் சமூகத்தாருக்காக 1932இல் இயற்றப்பட்ட மருமக்கத்தாயச் சட்டம், கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் திருமணம் கலைந்ததாகும் என்று ஏற்றுக்கொண்டது. நிலம் வாங்கி விற்பது போலப் பதிவு அலுவலகத்தில் முடிந்துவிடும் காரியம். பிரைட்டன் விடுதிகளில் பணிப்பெண்கள் தேநீர்த் தட்டோடு கதவைத் தட்டிக்கொண்டிருந்த அதே காலம்! அதற்கு மூன்றாண்டு முன்பே, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் மணவிலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானித்திருந்தது.

எஞ்சிய இந்துக்களுக்கான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பரோடா சமஸ்தானம் 1931, பம்பாய் 1947, மதராஸ் 1949. நாடு தழுவிய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா அரசமைப்பு அவையின் சட்டமியற்றும் அமர்வுகளில் விவாதிக்கப்பட்டபோது, விவாகரத்து நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்னும் கூக்குரல் பலமாக எழுந்தது. அம்பேத்கர் தந்த விடை எண்ணிக்கைக் கணக்கில் அமைந்தது. சாத்திரம் சூத்திரர் என்று ஒதுக்கிய மிகப்பெரும்பான்மையினரிடம் இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுடைய வழக்கத்தைப் பொதுச் சட்டமாக்குவதா, சிறுபான்மையினரான மேல்சாதியாரின் வழக்கத்தை எல்லார்மீதும் ஏற்றுவதா என்பதே அவர் முன்வைத்த வாதத்தின் சாரம். மசோதா முடங்கியது, 1951இல் அவர் பதவி விலகினார். பிறகு துண்டு துண்டாக நிறைவேறியது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருவர் இசைவை ஏற்றது. இரண்டாம் முறை வந்து சொல்வதற்கு அன்றிருந்த இடைவெளி ஓராண்டு. ஆனால் அடுத்த ஆண்டே வந்த இந்து திருமணச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்ட சிலருக்குக் கிடைத்தது, தாலி கட்டிக்கொண்ட கோடிக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாறாக, கூட்டுச்சதி கூடாது என்னும் பழைய ஆங்கிலத் தடை 23ஆம் பிரிவில் ஏறி அமர்ந்தது.

ஆக 1955 முதல் இருபத்தோராண்டு, மனமொத்துப் பிரிய விரும்பிய இந்துத் தம்பதிகள் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டியே தீர வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மனுக்களில் எத்தனை நல்ல மனிதர்கள் கொடுமைக்காரர்களாகப் பதிவாகியிருப்பார்கள் என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. 1974இல் சட்ட ஆணையம் தன் ஐம்பத்தொன்பதாம் அறிக்கையில் மாற்றம் வேண்டும் என்றது. 1976 மே 27 முதல் 13-பி நடைமுறைக்கு வந்தது. நாடு நெருக்கடி நிலையில் இருந்த நேரம் அது. குடிமக்களின் வாய் கட்டப்பட்டிருந்த ஆண்டில், இரு குடிமக்கள் எங்களுக்குச் சம்மதமில்லை என்று சேர்ந்து சொல்லும் உரிமை பிறந்தது வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

நேற்றுவரை குற்றமாக இருந்த இசைவு அன்றுமுதல் தகுதியாயிற்று. ஆறு மாதம் மட்டும் நின்றது. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறு மாதம், இவர்களுக்குள் இசைவு இருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பதற்கானது. இருந்தால் வழக்குத் தோற்கும். 13-பியின் ஆறு மாதம், இசைவு நிலைக்கிறதா என்று பார்ப்பதற்கானது. இல்லாவிட்டால் வழக்குத் தோற்கும். தலைகீழான நோக்கம், அதே அளவு. பார்சிகளுக்கு 1988இல் வந்த 32-பி பிரிவில் இந்த இரண்டாம் வருகையே கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே நாட்டில் ஒரே காரியத்துக்கு இத்தனை அளவுகோல்களா என்று தோன்றும்.

எனில் ஆறு மாதம் வெறும் பழைய ஐயத்தின் எச்சம்தானா? நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். தீர்ப்புகளைப் படித்தபின் அவ்வளவு உறுதியில்லை. 1991இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மனைவி தான் மிரட்டப்பட்டும், உறவினரைக் காணவிடாமல் தடுக்கப்பட்டும் மனுவில் கையொப்பமிட்டதாகச் சொல்லித் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். தீர்ப்பாணை வரும் கணம் வரை சம்மதம் உயிரோடு இருக்க வேண்டும். எவர் ஒருவரும் இடையில் விலகலாம் என்று நீதிமன்றம் கூறியது. இரண்டாம் முறை வராமல் இருந்துவிட்டவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று 2009இல் இன்னொரு தீர்ப்பு சொன்னது. கையெழுத்து வாங்குவது எளிது. ஆறு மாதம் கழித்து நீதிபதியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவைப்பது அவ்வளவு எளிதன்று. ஏமாற்று மிகுந்தபின் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் சொல்லும் காரணம் சடங்குக்கு மட்டுமா பொருந்துகிறது?

அதேவேளையில், உண்மையாகவே தீர்மானித்துவிட்டவர்களுக்கு அந்த ஆறு மாதம் வதை. இதை 2017 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்றது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சிகள் எல்லாம் தோற்று, ஜீவனாம்சம் குழந்தை முதலியவை பேசி முடிந்து, காத்திருப்பு துன்பத்தை நீட்டிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்றால், நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம். மனுச் செய்து ஒரு வாரம் கழித்தே அதைக் கேட்கலாம். 2023 மே முதல் நாள் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அரசமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் உச்சநீதிமன்றமே நேரடியாகக் கலைக்கலாம் என்றது. அந்த அதிகாரம் உச்சநீதிமன்றத்துக்கு மட்டும். குடும்ப நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க உரிமையன்று.

இன்னொரு செய்தி. பழைய 'தீர்த்துவிடும்' வழக்கத்தின் நிழலில், முத்திரைத்தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டு நோட்டரி முத்திரையும் குத்திக்கொண்டு, விவாகரத்து முடிந்தது என்று எண்ணுவோர் இன்றும் உளர். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று விவாகரத்தைக் காப்பாற்றியே வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தம் சமூகத்தில் தொடர்ந்து இருந்து வருகிறது என்பதை எடுத்துரைத்து மெய்ப்பித்தாக வேண்டும் என்று 2002இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. மெய்ப்பிக்க இயலாதபோது அந்தத் தாள் வெறும் தாள். மறுமணம் செய்துகொண்டவர், இருதார மணக் குற்றத்தின் விளிம்பில் நிற்பார். அம்பேத்கர் எந்த வழக்கத்தைப் பெரும்பான்மையின் வழக்கம் என்றாரோ, அது இன்று சான்று காட்டி நிறுவ வேண்டிய விதிவிலக்காகிவிட்டது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். விடை அதே 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருந்தது. தனித்தனியே வாழ்தல் என்பது இடத்தைப் பற்றியதன்று; கணவன் மனைவியாக வாழாமையைப் பற்றியது. ஒரே கூரையின்கீழ் இருந்தும் தனித்தனியே வாழலாம். வேறு வேறு ஊரில் இருந்தும் கணவன் மனைவியாக வாழலாம். பொருள்வயிற்பிரிவைப் பாடம் நடத்தும் நமக்கு இதன் பின்பாதி புதிதன்று. முன்பாதியைத்தான் அந்தப் பெண்ணிடமிருந்து கற்றோம். குமாஸ்தாவை விட்டு வழக்கறிஞரிடமே நேரில் போய், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுமாறு கூறினோம். அவரும் தயங்காமல் மாற்றிக் கொடுத்தார். ஒரே முகவரியில், வெவ்வேறு அறைகளில், இல்லற உறவின்றித் தனித்தனியே வாழ்ந்து வருகின்றனர் என்று இப்போது அந்தப் பத்தி இருக்கிறது.

மனுத் தாக்கலாகி முதல் விசாரணையும் முடிந்தது. ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டதால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமே என்று வழக்கறிஞர் சொன்னாராம். கணவருக்கும் அதில் விருப்பம். மாணவிதான் வேண்டாம் என்றுவிட்டார். "நகையும் பாத்திரமும் இன்னும் கைக்கு வரலம்மா. தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்கார், தருவார்தான். ஆனாலும் அந்த ஆறு மாசம் இருக்கட்டும்."

மனுவின் நகல் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர்தான் கொடுத்து வைத்திருக்கிறார். வீட்டில் வைத்தால் பாப்பா எடுத்துப் படித்துவிடுவாளாம். தமிழை எழுத்துக்கூட்டாமல் சரளமாக வாசிக்கிறாளாம்.